தோற்றுத் தோற்று ஓர் அணியைக் கட்ட முடியுமா? ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸின் பத்தாண்டு

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், ஹூஸ்டன் நகரத்தின் பேஸ்பால் அணிக்கு ஆஸ்ட்ரோஸ் என்று பெயர். 2011ல் இந்த அணி 106 ஆட்டங்களில் தோற்றது. அடுத்த ஆண்டு 107. அதற்கும் அடுத்த ஆண்டு 111. மூன்று ஆண்டுகளுக்கும் சேர்த்து 324 தோல்வி, 162 வெற்றி. ஒரு சீசனுக்கே 162 ஆட்டங்கள் உண்டு. அதாவது மூன்று சீசன் ஆடி, ஒரு சீசனின் ஆட்ட எண்ணிக்கை அளவுக்குத்தான் ஜெயித்திருக்கிறார்கள்.

அதே அணி 2017ல் உலகத் தொடரை வென்றது. 2022ல் மறுபடியும் வென்றது. 2017 முதல் 2023 வரை தொடர்ந்து ஏழு ஆண்டுகள், தன் லீகின் இறுதிச் சுற்று வரை போகத் தவறவே இல்லை.

இடையில் நடந்ததை அமெரிக்க ரசிகர்கள் மரியாதையாக "ரீபில்ட்" என்பார்கள். எரிச்சலில் இருந்தால் "டாங்கிங்" என்பார்கள். இன்றைய அணியைக் கலைத்துப்போட்டு, சில ஆண்டுகள் தோற்பதைத் தெரிந்தே ஏற்றுக்கொண்டு, நாளைய அணியைக் கட்டுவதுதான் இரண்டுக்கும் பொருள். ஆஸ்ட்ரோஸ் கதையைச் சொல்பவர்கள் வழக்கமாக ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள்: கடைசி இடத்தில் முடித்தார்கள், அதனால் சிறந்த இளைஞர்களை முதலில் எடுக்கும் உரிமை கிடைத்தது, அந்த இளைஞர்கள் வளர்ந்து கோப்பை வாங்கிக் கொடுத்தார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் யார் எங்கிருந்து வந்தார்கள் என்று ஒவ்வொருவராகப் பார்த்தால் கணக்கு அப்படி வரவில்லை. அதைப் பார்ப்பதற்கு முன், பேஸ்பால் பழக்கமில்லாதவர்களுக்குச் சில அடிப்படைகள்.

தோற்பதில் என்ன லாபம்?

மேஜர் லீகில் 30 அணிகள். அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் என்று இரண்டு பிரிவு, ஒவ்வொன்றிலும் 15. ஆறு மாதம், கிட்டத்தட்ட தினமும் ஓர் ஆட்டம். அக்டோபரில் பிளேஆஃப். கடைசியில் இரண்டு லீக்குகளின் சாம்பியன்களும் மோதுவதுதான் உலகத் தொடர். நான்கு ஆட்டங்களை முதலில் ஜெயிப்பவருக்குக் கோப்பை. பேஸ்பாலில் மிக நல்ல அணியும் ஆண்டுக்கு 60 ஆட்டம் தோற்கும், மோசமான அணியும் 60 ஆட்டம் ஜெயிக்கும் என்று பொதுவாகச் சொல்வார்கள். நடுவில் இருக்கும் நாற்பது சொச்சம் ஆட்டங்களில்தான் வித்தியாசம் தெரியும். அந்தக் கணக்கில் பார்த்தால், 2013ல் வெறும் 51 ஆட்டங்களை ஜெயித்த ஆஸ்ட்ரோஸ் எவ்வளவு மோசம் என்பது புரியும்.

இவ்வளவு தோற்றும் அணிக்கு ஒன்றும் ஆகாது என்பதுதான் முதல் விஷயம். ஐரோப்பியக் கால்பந்தில் கடைசியில் வரும் அணி கீழ்ப்பிரிவுக்குத் தள்ளப்படும். வருமானம் பெரிதும் குறைந்துவிடும். அமெரிக்காவில் அந்தப் பயம் கிடையாது. கடைசி இடம் பிடித்தாலும் அடுத்த ஆண்டு அதே லீகில் ஆடலாம், தேசிய அளவிலான டிவி ஒப்பந்தப் பணத்தில் பங்கும் வந்துவிடும்.

அடுத்தது டிராஃப்ட். ஆண்டுக்கு ஒரு முறை, பள்ளி, கல்லூரிகளில் ஆடும் இளைஞர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும். ஐபிஎல் ஏலம் மாதிரி அதிகத் தொகை கேட்டவருக்கு வீரர் போவதில்லை. யார் முறை வருகிறதோ அவர் எடுக்கலாம். அந்தக் காலத்து விதிப்படி, முந்தைய ஆண்டு மிக மோசமாக ஆடிய அணிக்குத்தான் முதல் முறை. நலிந்த அணி மேலே வரட்டும் என்ற நல்லெண்ணத்தில் போட்ட விதி. ஒன்றைக் கவனியுங்கள்: டிராஃப்ட் அமெரிக்கா, கனடா, போர்ட்டோ ரிக்கோ இளைஞர்களுக்கு மட்டும். வெனிசுவேலா, டொமினிக்கன் குடியரசு போன்ற நாடுகளின் பையன்களை 16 வயதிலிருந்தே நேரடியாக ஒப்பந்தம் செய்யலாம். அதற்கு அணி கடைசி இடத்தில் இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

மூன்றாவது சம்பள விதி. மேஜர் லீகுக்குள் வரும் புது வீரர் ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் அந்த அணிக்கே கட்டுப்பட்டவர். முதல் மூன்று ஆண்டுகள் குறைந்தபட்சச் சம்பளத்துக்கு அருகில்தான் வாங்குவார். 2013ல் அது 4.9 லட்சம் டாலர். ஆறு ஆண்டு முடிந்த பிறகுதான் சந்தையில் தன் விலையைக் கேட்க முடியும். அதனால் 24 வயது நட்சத்திரம் ஓர் அணிக்குக் கிடைக்கும் மிக மலிவான சரக்கு. கேட்கக் கொஞ்சம் கொடூரமாக இருந்தாலும் கணக்கு அதுதான். கூடவே ஒரு சிக்கலும் உண்டு. டிராஃப்டில் எடுத்த பையன் பெரும்பாலும் நேராக மேஜர் லீகில் வந்து ஆட முடியாது. மைனர் லீக் என்ற கீழ்ப்படிகளில் மூன்று நான்கு ஆண்டுகள் பழகி வர வேண்டும். பெரும்பாலானோர் வந்து சேர்வதே இல்லை.

சரி, ஹூஸ்டனுக்கு வருவோம்.

அடிமட்டம்

2005ல் ஆஸ்ட்ரோஸ் முதல் முறையாக உலகத் தொடர் வரை போனது. சிகாகோ ஒயிட் சாக்ஸிடம் நான்கு ஆட்டங்களிலும் தோற்றுத் திரும்பியது. அந்தத் தலைமுறை நட்சத்திரங்கள் ஓய்வு பெற்ற பிறகும் பழைய நிர்வாகம் ஒட்டுப்போட்டு ஓட்டிக்கொண்டிருந்தது. கீழிருந்து வர வேண்டிய இளைஞர்களின் வரத்து வற்றிப்போயிருந்தது. 2011ல் வேறு வழியில்லாமல் ஹண்டர் பென்ஸ், மைக்கேல் போர்ன் என்ற இரண்டு நல்ல வீரர்களையும் வேறு அணிகளுக்குக் கொடுத்துவிட்டு இளைஞர்களை வாங்கினார்கள். ஆக, 324 தோல்விகளில் முதல் 106 பழைய நிர்வாகத்தின் கணக்கில்தான் எழுத வேண்டும். பலரும் இதை மறந்துவிட்டு எல்லாமே திட்டம் என்று பேசுவார்கள்.

2011 நவம்பரில் ஜிம் கிரேன் என்ற தொழிலதிபர் 60 கோடி டாலருக்கும் மேல் கொடுத்து அணியை வாங்கினார். நேஷனல் லீகில் இருந்த அணியை 2013 முதல் அமெரிக்கன் லீகுக்கு மாற்ற அவர் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. அதற்காக விலையில் தள்ளுபடியும் கிடைத்தது. 16, 14 என்று இருந்த இரண்டு லீக்குகளும் சரிபாதியானது அப்போதுதான். டிசம்பரில் ஜெஃப் லூனோ என்பவரைப் பொது மேலாளராக நியமித்தார். பேஸ்பாலில் பொது மேலாளர் என்றால் யாரை வாங்குவது, யாரை விற்பது என்று முடிவெடுப்பவர்; மைதானத்தில் நின்று ஆட்டத்தை நடத்துபவர் வேறு. லூனோ பேஸ்பாலில் வளர்ந்தவர் இல்லை. மெக்கின்சி ஆலோசனை நிறுவனத்தில் இருந்துவிட்டு செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணிக்குப் போய், அங்கே டிராஃப்டைக் கவனித்தவர். வரும்போது, முன்பு நாசாவில் வேலை பார்த்த சிக் மெய்டால் என்ற புள்ளிவிவரக்காரரையும் கூட அழைத்து வந்தார். மெய்டாலுக்கு "முடிவு அறிவியல்" இயக்குநர் என்று ஒரு பதவி. அதுவரை எந்த அணியிலும் கேள்விப்படாத பதவி.

லூனோவின் வாதம் எளிமையானது. 75 ஆட்டம் ஜெயிப்பதாலும் 55 ஆட்டம் ஜெயிப்பதாலும் பயன் ஒன்றுதான்; இரண்டிலும் பிளேஆஃப் கிடையாது. அப்படியிருக்க 75க்காக ஏன் பணம் செலவழிக்க வேண்டும்? சம்பளம் வாங்கும் மூத்த வீரர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். 2013ல் மொத்த அணியின் சம்பளப் பட்டியல் மூன்று கோடி டாலரைக்கூடத் தொடவில்லை. நியூயார்க் யாங்கீஸின் அலெக்ஸ் ரோட்ரிகஸ் ஒருவருக்கே அந்த மொத்தப் பட்டியலைவிட அதிகம்.

மைதானத்தில் என்ன நடந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. 2007ல் 30 லட்சம் பேர் வந்த மைதானத்துக்கு 2012ல் வந்தவர்கள் சுமார் 16 லட்சம். 2013ன் கடைசி 15 ஆட்டங்களையும் வரிசையாகத் தோற்றார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் ஒரு ஆட்டத்துக்கு ஹூஸ்டன் நகரிலேயே டிவி ரேட்டிங் 0.0 என்று வந்தது. அதற்கு அணி மட்டும் காரணமில்லை. ஒளிபரப்பிய சேனல் நகரத்தில் பாதிக்கும் குறைவான வீடுகளில்தான் தெரிந்தது. இருந்தாலும் 0.0 என்ற எண்ணை யாரும் மறக்கவில்லை.

மூன்று முதல் தேர்வுகள்

2012, 2013, 2014 என மூன்று ஆண்டுகளும் டிராஃப்டின் முதல் தேர்வு ஹூஸ்டனுக்குத்தான். தொடர்ந்து மூன்று முறை இந்த உரிமை வேறு எந்த அணிக்கும் அதுவரை கிடைத்ததில்லை. அதை வைத்து என்ன செய்தார்கள்?

2012ல் கார்லோஸ் கொரேயா. போர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்த 17 வயதுப் பையன். இங்கே லூனோ செய்தது உண்மையிலேயே கெட்டிக்காரத்தனம். அந்த ஆண்டு புது விதி ஒன்று வந்திருந்தது. ஒவ்வொரு தேர்வுக்கும் ஒரு மதிப்புத் தொகை உண்டு. எல்லாத் தேர்வுகளின் தொகையையும் கூட்டினால் அதுதான் அணியின் மொத்தக் கை இருப்பு. யாருக்கு எவ்வளவு என்று உள்ளுக்குள் மாற்றிக்கொள்ளலாம். முதல் தேர்வின் மதிப்பு 72 லட்சம் டாலர். கொரேயா 48 லட்சத்துக்கு ஒப்புக்கொண்டார். மிச்சமான 24 லட்சத்தை வைத்துக்கொண்டு, கல்லூரிக்குப் போய்விடுவேன் என்று அதிகம் கேட்டதால் மற்ற அணிகள் தயங்கி விட்டுவைத்திருந்த லான்ஸ் மெக்கல்லர்ஸ் என்ற பிட்சரை (பந்து வீசுபவர்) 41வது தேர்வில் எடுத்து 25 லட்சம் கொடுத்தார்கள். ஒரு தேர்வின் பணத்தில் இரண்டு பேர். இருவரும் 2017 அணியில் ஆடினார்கள். உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தைத் தொடங்கி வைத்த பிட்சர் மெக்கல்லர்ஸ்தான்.

2013ல் மார்க் அப்பெல். ஹூஸ்டனில் பிறந்து, ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஆடிய பிட்சர். அவருக்கு 60 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தார்கள். ஹூஸ்டனுக்காக ஒரு பந்துகூட மேஜர் லீகில் வீசாமலே 2015 கடைசியில் ஃபிலடெல்ஃபியாவுக்கு அனுப்பப்பட்டார். நடுவில் விளையாட்டையே விட்டுவிட்டுப் போய், திரும்பி வந்து, 2022ல் 30 வயதில்தான் மேஜர் லீகில் முதல் முறையாகக் கால் வைத்தார். அப்பெலை ஹூஸ்டன் எடுத்த அன்று இரண்டாவது தேர்வில் சிகாகோ கப்ஸ் எடுத்த பேட்டர் கிரிஸ் பிரையன்ட். மூன்றே ஆண்டுகளில் பிரையன்ட் நேஷனல் லீகின் சிறந்த வீரர். 108 ஆண்டு காத்திருந்த கப்ஸுக்குக் கோப்பை.

2014ல் பிரேடி ஐக்கன் என்ற பள்ளிக்கூடப் பிட்சர். 65 லட்சம் டாலருக்குப் பேச்சு முடிந்த பிறகு மருத்துவப் பரிசோதனையில் முழங்கைத் தசைநாரில் ஏதோ குறை இருப்பதாகச் சொல்லி அணி தொகையைக் குறைத்தது. ஐக்கன் ஒப்பந்தமே வேண்டாம் என்று போய்விட்டார். அணி ஏமாற்றப் பார்க்கிறது என்று அப்போது ஊரே திட்டியது. அடுத்த ஆண்டே ஐக்கனுக்கு முழங்கை அறுவைச் சிகிச்சை நடந்தது. அவர் மேஜர் லீகை எட்டவே இல்லை. ஒப்பந்தம் ஆகாததற்கு ஈடாக 2015ல் ஹூஸ்டனுக்கு இரண்டாவது தேர்வு கிடைத்தது. அதில் எடுத்தவர் அலெக்ஸ் பிரெக்மன். 2017, 2022 இரண்டு கோப்பைகளிலும் மூன்றாவது பேஸ் என்ற ஃபீல்டிங் இடத்தில் நின்றவர்.

மூன்று முதல் தேர்வுகளில் ஒன்று பலித்தது, ஒன்று வீண், இன்னொன்று கைநழுவிப் போனதால் பலித்தது. இதற்காகத்தான் அத்தனை தோல்வியா?

மற்றவர்கள் எங்கிருந்து வந்தார்கள்?

ஹோசே அல்டூவேயில் தொடங்குவோம். 2017ல் அமெரிக்கன் லீகின் மிகச் சிறந்த வீரர் விருது அவருக்குத்தான். உயரம் ஐந்தடி ஆறங்குலம். மேஜர் லீகில் அந்த உயரத்தில் ஆட்களைப் பார்ப்பது அபூர்வம். வெனிசுவேலாவில் நடந்த தேர்வு முகாமில் ரொம்பக் குள்ளம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மறுநாள் திரும்ப வந்து நின்றார். 2007ல் 15,000 டாலருக்கு ஒப்பந்தம் ஆனது. அணியின் முகமே அவர்தான், ஆனால் அவரைக் கண்டெடுத்ததற்கும் ரீபில்டுக்கும் சம்பந்தமே இல்லை.

2015ல் லீகின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கிய டாலஸ் கைக்கெல், 2009 டிராஃப்டில் ஏழாவது சுற்று வரை யாரும் தொடாமல் கிடந்தவர். 2017 உலகத் தொடரில் ஐந்து ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்சர் மாதிரி) அடித்துத் தொடரின் சிறந்த வீரரான ஜார்ஜ் ஸ்பிரிங்கர் 2011ல் பதினோராவது தேர்வு. மூவருமே லூனோ வந்து உட்காரும் முன்பே வீட்டில் இருந்தவர்கள்.

அப்புறம், யாரும் வேண்டாம் என்று ஒதுக்கியவர்கள். காலின் மெக்ஹியூ என்ற பிட்சரை 2013 டிசம்பரில் கொலராடோ அணி கழற்றிவிட்டது. அதுவரை அவர் வாங்கிய அடி கொஞ்சநஞ்சமில்லை. ஹூஸ்டன்காரர்கள் அவருடைய முடிவுகளைப் பார்க்காமல் பந்தின் சுழற்சியைப் பார்த்தார்கள். அவருடைய கர்வ்பால், அதாவது வளைந்து விழும் பந்து, மற்றவர்களுடையதைவிட வேகமாகச் சுழன்றது. அதை அடிக்கடி வீசு, மற்றதைக் குறை என்றார்கள். 2015ல் அவர் 19 ஆட்டங்களை ஜெயித்தார். இதே பார்வையில் கண்டெடுத்த இன்னொருவர் சார்லி மார்ட்டன்; 2017ல் கோப்பையை வென்ற ஆட்டத்தின் கடைசி நான்கு இன்னிங்ஸை வீசி முடித்தவர்.

பேட்டர் பந்தை எந்தப் பக்கம் அடிப்பார் என்று பழைய கணக்கைப் பார்த்து ஃபீல்டர்களை நகர்த்தி நிறுத்துவதிலும் ஹூஸ்டன் முன்னால் நின்றது. வழக்கமாக ஃபீல்டர் நிற்க வேண்டிய இடம் காலியாக இருந்ததால் சாதாரணமாக அடித்த பந்துகூட அங்கே தப்பிப் போனபோது, பிட்சர்கள் முதலில் கடுப்பானார்கள். இதை எல்லா அணிகளும் செய்யத் தொடங்கி ஆட்டம் சலித்துப்போனதால் 2023ல் லீக் கட்டுப்பாடு போட்டது.

எனவே தோல்வியால் கிடைத்த முக்கியமான பொருள் டிராஃப்ட் வரிசை இல்லை என்பேன். கிடைத்தது அவகாசம். ஜெயிக்கிற நிர்ப்பந்தம் இருக்கும் அணியில் அல்டூவே மாதிரி ஒருவரையும், மெக்ஹியூ மாதிரி ஒருவரையும் தினமும் இறக்கிப் பார்க்க இடமிருக்காது. அங்கே தெரிந்த முகத்துக்குத்தான் வாய்ப்பு. 107 ஆட்டம் தோற்ற அணியில் யாரை வேண்டுமானாலும் சோதிக்கலாம், புது முறைகளை முயன்று பார்க்கலாம், கேட்க ஆளில்லை. அந்த இடைவெளியில் யார் தேறுவார் என்று கண்டுபிடிக்கும் இயந்திரத்தைச் செய்துகொண்டார்கள்.

அந்த இயந்திரமும் தவறு செய்தது. ஜே.டி. மார்ட்டினெஸ் என்ற பேட்டர் 2013 சீசன் முடிந்ததும் தன் பேட் வீச்சையே முழுசாக மாற்றிக்கொண்டு வந்தார். கணினியில் இருந்ததோ பழைய மார்ட்டினெஸ். பயிற்சி ஆட்டங்களில் சில வாய்ப்புகள் மட்டும் கொடுத்துவிட்டு 2014 மார்ச்சில் கழற்றிவிட்டார்கள். டெட்ராய்ட் அவரை எடுத்தது; அந்த ஆண்டே 23 ஹோம் ரன். 2018ல் பாஸ்டன் ரெட் சாக்ஸுக்காக 43 ஹோம் ரன் அடித்த அவர், அந்த அக்டோபரில் ஹூஸ்டனை வீட்டுக்கு அனுப்பிய அணியில் இருந்தார்.

ஏறுமுகம்

2014 ஜூனில் ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் பத்திரிகை தன் அட்டையில் ஸ்பிரிங்கர் படத்தைப் போட்டு, 2017ன் சாம்பியன் இந்த அணிதான் என்று அச்சடித்தது. முந்தைய ஆண்டு 111 ஆட்டம் தோற்ற அணி! எல்லோரும் சிரித்தார்கள். அந்த ஆண்டு 70 வெற்றி. 2015ல் 86 வெற்றியோடு பிளேஆஃபுக்குள் நுழைந்து, யாங்கீஸை அவர்கள் மைதானத்திலேயே வெளியேற்றியது. கொரேயா சிறந்த புதுமுகம். 2016ல் சற்றுச் சறுக்கல், 84.

இடையில் ஒரு விசித்திரம். லூனோவின் பழைய அணியான கார்டினல்ஸின் அதிகாரி ஒருவர் ஹூஸ்டனின் கணினித் தரவுத்தளத்துக்குள் திருட்டுத்தனமாக நுழைந்து பார்த்தது வெளிவந்தது. 2016ல் அவருக்கு 46 மாதச் சிறைத் தண்டனை. 2017ல் கார்டினல்ஸ் 20 லட்சம் டாலரையும் இரண்டு டிராஃப்ட் தேர்வுகளையும் ஹூஸ்டனுக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று. ஓர் அணியின் புள்ளிவிவரம் திருடத் தகுந்த சொத்தாகிவிட்டது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

2017ல் 101 வெற்றி. ஆகஸ்ட் கடைசியில் ஹார்வி புயல் ஹூஸ்டனை மூழ்கடித்தது. அதே வாரம், ஆகஸ்ட் 31 நள்ளிரவுக் கெடு முடியச் சில நொடிகள் இருக்கும்போது, டெட்ராய்டின் மூத்த பிட்சர் ஜஸ்டின் வெர்லாண்டரை வாங்கினார்கள். விலையாகப் போனவர்கள் மைனர் லீகில் சேர்த்து வைத்திருந்த மூன்று இளைஞர்கள். ரீபில்டில் அதிகம் பேசப்படாத பகுதி இது: சேர்த்த இளைஞர்கள் எல்லோரும் நமக்கே ஆட வேண்டியதில்லை, தேவையான நேரத்தில் காசாகவும் பயன்படுவார்கள். வெர்லாண்டர் யாங்கீஸுக்கு எதிரான லீக் இறுதியில் சிறந்த வீரரானார். உலகத் தொடரில் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ். ஐந்தாவது ஆட்டம் பத்து இன்னிங்ஸ் போய் 13க்கு 12 என்று முடிந்தது. பிட்சர்களுக்கு அன்று நரகம். நவம்பர் 1 அன்று லாஸ் ஏஞ்சலஸில் நடந்த ஏழாவது ஆட்டத்தை 5க்கு 1 என்று ஜெயித்து, 1962ல் பிறந்த அணி தன் முதல் கோப்பையை வாங்கியது.

குப்பைத் தொட்டி

இதோடு முடிந்திருந்தால் அழகான கதை. 2019 நவம்பரில், 2017 அணியில் இருந்த மைக் ஃபயர்ஸ் என்ற பிட்சர் பத்திரிகைக்கு உண்மையைச் சொன்னார்.

பேஸ்பாலில் பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் கேட்சர், அடுத்து எந்த வகைப் பந்து வீச வேண்டும் என்று கால்களுக்கு நடுவே விரல்களைக் காட்டிப் பிட்சருக்குச் சைகை செய்வார். மணிக்கு 95 மைல் வேகத்தில் நேராக வரும் பந்தா, மெதுவாக வந்து வளையும் பந்தா என்று முன்கூட்டியே தெரிந்தால் பேட்டருக்குக் கொண்டாட்டம். இரண்டாவது பேஸில் நிற்கும் ஓட்டக்காரர் தன் கண்ணால் பார்த்துக் கண்டுபிடித்தால் அது ஆட்டத்தின் ஒரு பகுதி. யாரும் குறை சொல்ல மாட்டார்கள். கருவி வைத்துப் பார்ப்பதற்குத்தான் தடை. ஹூஸ்டன் மைதானத்தின் நடுப்பகுதியில் இருந்த கேமரா கேட்சரின் விரல்களைக் காட்டியது. டக்அவுட்டுக்குப் பின்னால் இருந்த நடைபாதையில் ஒரு திரை. அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர், மெதுவான பந்து வரப்போகிறது என்றால் பக்கத்தில் இருந்த குப்பைத் தொட்டியைப் பேட்டால் தட்டுவார். சத்தம் இல்லையென்றால் வேகப்பந்து. கோடிக்கணக்கில் செலவழித்த தரவு அறிவியலின் உச்சம், குப்பைத் தொட்டியில் டொம் டொம்!

ஒரு ஹூஸ்டன் ரசிகரே 2017ன் 58 உள்ளூர் ஆட்டங்களின் பதிவுகளை உட்கார்ந்து கேட்டு, 8,200க்கு மேற்பட்ட பந்துகளில் 1,100க்கும் அதிகமானவற்றில் தட்டும் சத்தம் இருப்பதாகக் கணக்கெடுத்து வெளியிட்டார். ஆள்வாரியாகப் பார்த்தால் சிலருக்கு நூற்றுக்கும் மேல். அல்டூவேவுக்கு மிகக் குறைவு. இந்தத் திருட்டு எத்தனை வெற்றியைக் கொடுத்தது என்று யாராலும் சுத்தமாகக் கணக்கிட முடியாது. அந்த ஆண்டு ஹூஸ்டன் வெளியூரில்தான் இன்னும் நன்றாக ஆடியது என்று ஆதரவாளர்கள் சொல்வதும் உண்மையே. ஆனால் அது குற்றத்தைக் குறைக்காது.

2020 ஜனவரி 13 அன்று லீக் ஆணையர் ராப் மேன்ஃப்ரெட் தண்டனையை அறிவித்தார். லூனோவுக்கும் மைதான மேலாளர் ஏ.ஜே. ஹிஞ்சுக்கும் ஓராண்டுத் தடை. அணிக்கு 50 லட்சம் டாலர் அபராதம். 2020, 2021 டிராஃப்ட்களின் முதல் இரண்டு சுற்றுத் தேர்வுகள் பறிப்பு. கிரேன் இருவரையும் அன்றே வேலையை விட்டு நீக்கினார். உண்மையைச் சொன்னால் தண்டனை இல்லை என்று வாக்குக் கொடுத்து விசாரித்ததால் வீரர்கள் ஒருவருக்கும் தண்டனை கிடையாது. கோப்பையும் போகவில்லை. மற்ற ஊர் ரசிகர்களுக்கு இன்றுவரை ஆறாத கோபம் இதில்தான்.

எனக்கு இதை ஒரு சில வீரர்களின் குறும்பாகப் பார்க்க முடியவில்லை. ஆணையரின் அறிக்கையே லூனோவின் அலுவலகத்தின் பழக்கவழக்கத்தைக் கடுமையாகச் சாடியது. 2018ல், குடும்ப வன்முறைக் கொள்கையின் கீழ் 75 ஆட்டத் தடையில் இருந்த ஒரு பிட்சரை, மற்றவர்கள் தொடத் தயங்கியதால் மலிவாகக் கிடைக்கிறார் என்று வாங்கினார்கள். 2019ல் வெற்றிக் கொண்டாட்டத்தில் உதவிப் பொது மேலாளர் ஒருவர் பெண் செய்தியாளர்கள் பக்கம் திரும்பி அந்தப் பிட்சரைப் புகழ்ந்து கத்தினார். அணி முதலில் செய்தியே கட்டுக்கதை என்றது. பிறகு அவரை நீக்கியது. ஒவ்வொன்றிலும் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றே: இதில் மற்றவர் விட்டுவைத்த லாபம் இருக்கிறதா? மெக்ஹியூவின் கர்வ்பாலைக் கண்டுபிடித்ததும் அதே கேள்விதான்.

இரண்டாவது கோப்பை

தேர்வுகள் பறிபோயின, மூளையாக இருந்தவர் போனார், அப்புறம் நட்சத்திரங்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். 2019ல் 326 முறை பேட்டரைப் பந்தை அடிக்க விடாமலே அவுட் (ஸ்ட்ரைக்அவுட்) ஆக்கிய பிட்சர் கெரிட் கோல் 32.4 கோடி டாலருக்கு யாங்கீஸுக்குப் போனார். 2020க்குப் பிறகு ஸ்பிரிங்கர் டொராண்டோவுக்கு. 2021க்குப் பிறகு கொரேயாவும் விலகினார். ஆறு ஆண்டுக் கட்டுப்பாடு முடிந்தால் இப்படித்தான் ஆகும். ரீபில்ட் செய்த எல்லா அணிகளுக்கும் இந்த நாள் வரும்.

ஆனால் அணி சரியவில்லை. 70 வயதைக் கடந்த டஸ்டி பேக்கர் மேலாளராக வந்தார். பேஸ்பாலில் எல்லோரும் மதிக்கும் மனிதர். 2021ல் உலகத் தொடரில் அட்லாண்டாவிடம் தோல்வி. 2022ல் 106 வெற்றி, ஃபிலடெல்ஃபியாவை வென்று கோப்பை. 2017 அணியிலிருந்து மிஞ்சியவர்கள் ஐந்தே பேர்: அல்டூவே, பிரெக்மன், குரியெல், மெக்கல்லர்ஸ், வெர்லாண்டர். கொரேயாவின் இடத்தில் நின்ற புதுமுகம் ஜெரெமி பென்யா தொடரின் சிறந்த வீரர். அவர் 2018ல் மூன்றாவது சுற்றில் எடுக்கப்பட்டவர். நான்காவது ஆட்டத்தில் எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் தொடங்கி வைத்த கிறிஸ்டியன் ஹாவியெர், தொடர் முழுக்கக் கலக்கிய ஃப்ராம்பர் வால்டெஸ் இருவரும் டொமினிக்கன் குடியரசில் 2015ல் ஆளுக்கு 10,000 டாலருக்குச் சேர்ந்தவர்கள். கடைசி ஆட்டத்தில் பிரம்மாண்டமான ஹோம் ரன் அடித்த யோர்டான் ஆல்வரெஸ், 2016ல் ஒரு சாதாரண பிட்சருக்கு மாற்றாக டாட்ஜர்ஸிடமிருந்து வாங்கிய கியூபப் பையன்.

இந்தப் புதியவர்களில் ஒருவரையும் கடைசி இடம் பிடித்ததற்குப் பரிசாகப் பெறவில்லை.

பார்த்துச் செய்தவர்கள்

மற்ற அணிகள் கவனித்தது தோல்வியை மட்டும்தான். 2018ல் 115 ஆட்டம் தோற்ற பால்டிமோர் ஓரியோல்ஸ், அந்த ஆண்டு கடைசியில் ஹூஸ்டனிலிருந்து மைக் எலையஸ் என்ற அதிகாரியையும், கூடவே மெய்டாலையும் அழைத்துக்கொண்டது. 2019ல் 108, 2021ல் 110 தோல்வி. 2023ல் 101 வெற்றி பெற்று எழுந்தது. பிளேஆஃபில் அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் ஓர் ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. டெட்ராய்ட் 2019ல் 114 ஆட்டம் தோற்று, இரண்டு முதல் தேர்வுகளை எடுத்தும், 2024ல்தான் பிளேஆஃப் வாசலை மிதித்தது.

மிக மோசமான உதாரணம் சிகாகோ ஒயிட் சாக்ஸ். 2016 கடைசியில் தன் சிறந்த பிட்சரை விற்று, அச்சு அசலாக ரீபில்டில் இறங்கியது. 2020, 2021ல் பிளேஆஃப், அவ்வளவுதான். 2023ல் 101 தோல்வி, 2024ல் 121. நவீன மேஜர் லீகில் ஒரு சீசனில் இவ்வளவு தோற்ற அணி வேறில்லை.

அதற்குள் விதியும் மாறியிருந்தது. வீரர் சங்கத்தோடு 2022ல் போட்ட ஒப்பந்தத்தில் டிராஃப்டின் முதல் ஆறு இடங்களுக்குக் குலுக்கல் வந்தது. கடைசி மூன்று இடங்களில் முடிக்கும் அணிகளுக்கு முதல் தேர்வு கிடைக்கும் வாய்ப்பு சமம்; பெரிய நகர அணி ஒன்றுக்கு அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் குலுக்கல் தேர்வு கிடைக்கவும் முடியாது. அதன்படி 121 ஆட்டம் தோற்ற ஒயிட் சாக்ஸுக்கு 2025 டிராஃப்டில் கிடைத்தது பத்தாவது தேர்வு.